மூடும்போது பூஜ்யமாகிறதா?

திருமயம் போன்ற ஒரு வட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். காலையில் ஓ.பி. சீட்டு கொடுக்க ஒரே ஒரு கவுன்டர். மணிக்குச் சராசரியாக 54 பேர் வருகிறார்கள். பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு என்று கேட்டுச் சீட்டு எழுத ஒருவருக்குச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகிறது. மணிக்கு 60 பேரை அனுப்பக்கூடிய இடத்துக்கு 54 பேர்தான் வருகிறார்கள். பார்த்த மாத்திரத்தில் கூட்டமே சேரக்கூடாது என்றுதான் தோன்றும். அப்படி நடப்பதில்லை என்பது வரிசையில் நின்ற எவருக்கும் தெரியும். ஐந்து பேர் அடுத்தடுத்து வந்துவிடுவார்கள். ஒரு பாட்டிக்குக் காது கேட்காது. மூன்று நிமிடம் போய்விடும். அப்போது சேர்ந்த கூட்டம் கரைய அரை மணி நேரம் பிடிக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏர்லாங் 1909-இல் தொடங்கிவைத்த வரிசைக் கணிதத்தில் இதற்கு விடை இருக்கிறது. வருகைகளுக்கு நடுவிலான இடைவெளியும் சீட்டு எழுதும் நேரமும் பாடநூலில் வரும் அடுக்குக்குறிப் பரவலின்படி இருந்தால், நீண்டகாலச் சராசரிக் காத்திருப்பு சரியாக 9 நிமிடம். ஒரு நிமிட வேலைக்கு ஒன்பது நிமிடம் நிற்க வேண்டும்.

நிஜக் கவுன்டர் பாடநூலுக்கு அடங்காது. பொன்னமராவதி பஸ் வந்தால் ஒரே நேரத்தில் பதினைந்து பேர் இறங்குவார்கள். கர்ப்பிணிகளை முன்னால் விடுவார்கள். பத்து மணிக்கு மேல் இரண்டாவது ஆள் வந்து உட்காருவார். இத்தனையையும் ஒரு சூத்திரத்துக்குள் திணிக்க முடியாது. அதனால் கவுன்டரையே கணினிக்குள் நடத்திப் பார்க்கிறோம். தற்செயல் எண்களைக் கொண்டு ஒவ்வொரு நோயாளியையும் வரவைத்து, நிற்கவைத்து, அனுப்பிவைத்து, கடைசியில் சராசரி எடுக்கிறோம். இதுதான் சிமுலேஷன். 1946-இல் உடல்நலம் சரியில்லாமல் படுத்திருந்த ஸ்டானிஸ்லா உலாம், தனியாளாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தபோது, ஜெயிக்கும் வாய்ப்பைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதைவிட நூறு ஆட்டம் ஆடி எண்ணிவிடலாமே என்று நினைத்தார். மான்டே கார்லோ முறை அங்கே பிறந்தது. நம் கவுன்டர் அதன் தூரத்துச் சொந்தம்.

சிமுலேஷன் எப்போதும் ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

எளிய கவுன்டரையே கணினியில் 10,000 நோயாளிகளுக்கு ஓட்டுகிறோம். பத்தாயிரம் காத்திருப்பு நேரங்கள் கிடைக்கின்றன. கல்லூரிப் புள்ளியியலில் சொல்லிக்கொடுத்தபடி திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம். பிழை எல்லை கூட்டல் கழித்தல் 0.2 நிமிடம் என்று வருகிறது. அறிக்கையில் 9 நிமிடம், 12 விநாடிதான் முன்பின் என்று எழுதிவிடலாம் போலிருக்கும். உண்மையான பிழை எல்லை கூட்டல் கழித்தல் 3.7 நிமிடம்! அதாவது இன்னொரு முறை ஓட்டினால் ஆறு நிமிடம் என்று வந்தாலும் வரும், பன்னிரண்டு என்று வந்தாலும் வரும்.

காரணம் எளிது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் 20 நிமிடம் காத்திருந்தார் என்றால் நானும் ஏறக்குறைய அவ்வளவுதான் காத்திருப்பேன். என் நேரம் அவர் நேரத்தின் நிழல். கல்லூரிச் சூத்திரமோ ஒவ்வொரு அளவும் மற்றதோடு சம்பந்தமில்லாதது என்று நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தக் கவுன்டருக்குக் கணக்குப் போட்டால், அடுத்தடுத்து நிற்கும் ஏறத்தாழ 363 பேரின் நேரங்கள் சேர்ந்துதான் தனித்த ஒரே ஒரு தகவலுக்குச் சமம். பத்தாயிரம் பேர் என்று பெருமைப்பட்டது போய், கையில் இருப்பது 27 அல்லது 28 தனி அளவுகள். பிழையை அரை நிமிடத்துக்குள் கொண்டுவர ஐந்தரை லட்சம் நோயாளிகளை ஓட்ட வேண்டும். கணினிக்கு அது கண் இமைக்கும் வேலை. அப்படி ஓட்ட வேண்டும் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டுமே!

தெரிந்தவர்கள் வைத்திருக்கும் மருந்து பழையது. நீண்ட ஓட்டத்தைப் பெரிய தொகுதிகளாக வெட்டி, தொகுதிக்கு ஒரு சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளைத் தனி அளவுகளாக வைத்துக்கொள்வது. எத்தனை தொகுதி? முப்பதுக்கு மேல் வெட்டிப் பெரிய பயன் இல்லை என்று புரூஸ் ஷ்மைசர் 1982-இல் காட்டினார். தொடக்கத்துக்கும் ஒரு மருந்து உண்டு. காலி வரிசையோடு ஆரம்பிப்பதால் முதலில் வருகிறவர்கள் காத்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் சராசரியைக் கீழே இழுப்பார்கள். ஆகவே ஓட்டத்தின் ஆரம்பப் பகுதியை வெட்டி எறிய வேண்டும். எங்கே வெட்டுவது என்ற கேள்வியை 1963-லேயே ரிச்சர்ட் கான்வே எழுப்பினார். இருபது ஆண்டு கழித்து பீட்டர் வெல்ச் சொன்ன வழி, பல ஓட்டங்களைச் சராசரி எடுத்து வரைபடம் போட்டு, கோடு சமனாகும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது. கண்ணால்தான்.

இந்தக் கண், இந்த அனுபவம் சிலரிடம் மட்டுமே இருந்தது. சிமுலேஷன் மென்பொருளோ 1980-களில் தொழிற்சாலை தோறும் மேசைக் கணினியில் வந்து உட்கார்ந்துவிட்டது. மாதிரியைக் கட்டத் தெரிந்த பொறியாளர்கள் பெருகினார்கள், வந்த எண்ணை எடைபோடத் தெரிந்த புள்ளியியலாளர்கள் பெருகவில்லை. வல்லுநரையே மென்பொருளுக்குள் உட்காரவைத்துவிட்டால் என்ன என்று அந்தப் பத்தாண்டில் பலருக்கும் தோன்றியதில் வியப்பில்லை.

வல்லுநர் அமைப்பு என்பது அப்போது செயற்கை நுண்ணறிவின் நட்சத்திரம். எட்வர்ட் ஷார்ட்லிஃப் 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய மைசின் சுமார் 600 விதிகளை வைத்துக்கொண்டு, இரத்தத்தில் பரவும் கிருமித் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று சொன்னது. ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்ற வடிவில்தான் ஒவ்வொரு விதியும். ‘இதை ஏன் கேட்கிறாய்?’ என்று மருத்துவர் திருப்பிக் கேட்டால், எந்த விதிக்காகக் கேட்கிறேன் என்று காரணமும் சொல்லும். நல்ல மதிப்பெண் வாங்கியும் அது மருத்துவமனை வார்டுக்குள் அன்றாடப் புழக்கத்துக்கு வரவேயில்லை. ஆனால் யோசனை பரவிவிட்டது. இந்திய அரசின் மின்னணுத் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986-இல் அறிவுசார் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, வல்லுநர் அமைப்புகளுக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்தது. கிராமச் சுகாதாரப் பணியாளர் சிறு குழந்தைகளின் நோய் அறிகுறிகளைக் கையாள உதவும் ‘ஏகலவ்யா’ அங்கே உருவானது. குரு பக்கத்தில் இல்லாமலே வித்தை கற்றவன் பெயரை வைத்தவருக்கு ரசனை இருந்திருக்கிறது. பிற்பாடு கோவை வேளாண் பல்கலைக்கழகம் நெல், கரும்பு, வாழை, தென்னைக்கென வல்லுநர் அமைப்புகளை இணையத்தில் வைத்தது.

புள்ளியியலில் முதலில் பேர் வாங்கியது ரெக்ஸ். பெல் ஆய்வகத்தில் வில்லியம் கேல், டேரில் பிரெகிபான் இருவரும் 1980-களின் முற்பகுதியில் கட்டியது. தரவுக்கு நேர்கோடு பொருத்துகிறவரை வழிநடத்துவது அதன் வேலை. பிரெகிபான் வெவ்வேறு தரவுகளை உட்கார்ந்து ஆராய்ந்து, தான் எடுத்துவைத்த ஒவ்வொரு அடியையும் பதிவு செய்தார்; அந்தத் தடத்திலிருந்து விதிகளை உருவினார்கள். கணக்குப் போடும் வேலையை ‘எஸ்’ என்ற மென்பொருள் பார்த்துக்கொண்டது. இன்று நம் கல்லூரிகளில் புள்ளியியல் மாணவர்கள் ஓட்டும் ‘ஆர்’ அதன் வாரிசு. சிமுலேஷன் பக்கம் ஜோசப் மெல்லிச்சாம்ப், பார்க் இருவரும் 1989-இல் தங்கள் புள்ளியியல் வல்லுநர் அமைப்பை வெளியிட்டார்கள். ஓட்டத்தின் முடிவை வாங்கிப் பார்த்து, எந்தச் சோதனை பொருந்தும், இன்னும் எவ்வளவு ஓட்ட வேண்டும் என்று மாதிரி கட்டியவருக்கு யோசனை சொல்வது இந்த வகை அமைப்புகளின் நோக்கம்.

விதி எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பதை வெளியிலிருந்து பார்ப்பது கடினம். திருமயத்தை வைத்தே ஒரு விதி எழுதிப் பார்க்கலாம்.

புள்ளியியலாளர் முதலில் கேட்கும் கேள்வி, அந்த இடம் மூடுகிறதா என்பது. ஓ.பி. கவுன்டர் காலை எட்டுக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடினால், நிஜத்திலேயே அது காலி வரிசையோடுதான் ஆரம்பிக்கிறது. நான்கு மணி நேரத்தில் அந்த வரிசை தன் நிலைத்த போக்கை முழுதாக எட்டுவதில்லை; அன்றைய சராசரி ஒன்பது நிமிடத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இங்கே போய் ஆரம்பத்தை வெட்டி எறிந்தால், சீக்கிரம் வந்து சீக்கிரம் போன உண்மையான ஆட்களை எறிகிறோம். அப்படியானால் விதி இது:

மூடும் இடம் எனில், தொடக்கத்தை வெட்டாதே. ஒவ்வொரு நாளையும் தனி ஓட்டமாகப் பலமுறை ஓட்டு. மூடாத இடம் எனில், தொடக்கத்தை வெட்டு, மீதியைத் தொகுதிகளாக்கு.

பாடநூல்களில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். விதி சரியாகத்தான் தெரிகிறது. அடுத்து அதே ஊரில் இருக்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பி.எச்.இ.எல்.) மின்நிலையக் குழாய்ப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். அனல் மின்நிலையங்களில் உயர் அழுத்த நீராவி ஓடும் தடித்த குழாய்களை வளைத்து, பற்றவைத்து, வெப்பச் சிகிச்சை செய்து அனுப்பும் வேலை. அப்படிப்பட்ட ஒரு பட்டறையைச் சிமுலேஷன் செய்கிறோம் என்றால், ஒரு குழாய் எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பதுதான் கேள்வியாக இருக்கும். ஷிப்டு முடிந்து பட்டறையைப் பூட்டுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். விதிப்படி அது மூடும் இடம். ஆனால் வெல்டிங் பாதியில் நின்ற குழாய் மறுநாள் காலையிலும் அங்கேதான் கிடக்கும். எக்ஸ்ரே சோதனைக்குக் காத்திருந்தது காத்துக்கொண்டேதான் இருக்கும். பூட்டியதால் வரிசை கலையவில்லை. இந்த இடத்தை நாள் நாளாக வெட்டிக் காலிப் பட்டறையிலிருந்து ஓட்டினால் விடை அபத்தமாக வரும். ஆகவே விதியைத் திருத்துகிறோம். மூடுகிறதா என்று கேட்டால் போதாது, மூடும்போது எல்லாம் பூஜ்யமாகிறதா என்று கேட்க வேண்டும்.

இப்போது கண்மாய்க்கு வருவோம். புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்களைச் சிமுலேஷன் செய்ய வேண்டிய தேவை நிஜமானது. ஒரு கண்மாய் பத்து ஆண்டில் எத்தனை ஆண்டு ஆயக்கட்டு முழுவதற்கும் தண்ணீர் கொடுக்கும், கலிங்கை ஓர் அடி உயர்த்தினால் அது எவ்வளவு கூடும் என்பதற்கெல்லாம் நீர்க் கணக்கைத் தற்செயல் மழையோடு பல நூறு ஆண்டுகளுக்கு ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. வரத்துக்கால் கொண்டுவந்தது, மடை வழியாகப் போனது, வெயில் குடித்தது, மண் குடித்தது, கலிங்கில் மறுகால் போனது. கண்மாய்க்குப் பூட்டு கிடையாது, அது மூடுவதே இல்லை. விதிப்படி தொடக்கத்தை வெட்ட வேண்டும், தொகுதியாக்க வேண்டும், 363 பேர் ஒருவரான கதை இங்கேயும் வரும் என்று பயப்பட வேண்டும்.

வராது. பெரும்பாலான சிறிய கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, தை மாசிக்குள் வயலுக்குப் போய், சித்திரை வெயிலில் காய்ந்து கட்டாந்தரையாகிவிடும். பிள்ளைகள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். போன ஆண்டு வெள்ளம் வந்ததா வறட்சி வந்ததா என்ற நினைவைக் கோடை துடைத்துவிடுகிறது. மூடாத இடம், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை பூஜ்யமாகும் இடம். ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரு தனி அளவு. நூறு ஆண்டு ஓட்டினால் கிட்டத்தட்ட நூறு தகவல் கிடைக்கும்.

மருத்துவமனைக்கு எழுதிய விதியைத் தொழிற்சாலை உடைத்தது. தொழிற்சாலைக்காகத் திருத்தியதால் கண்மாயும் அடங்கியது. வல்லுநர் அமைப்பு கட்டியவர்கள் நாள் முழுவதும் செய்துகொண்டிருந்தது இதைத்தான். வல்லுநரைக் கேட்டால் மூடுகிறதா என்றுதான் சொல்வார். அவர் மனத்துக்குள் உண்மையில் சோதிப்பது வேறொன்று என்பது விதி உடையும்போதுதான் அவருக்கே தெரியும். அந்த முயற்சியில் கிடைத்த பெரிய லாபம் மென்பொருளைவிட இதுதான் என்பது என் எண்ணம். தாங்கள் என்ன செய்கிறோம் என்று புள்ளியியலாளர்களை முதன்முதலாகச் சொல்லவைத்தது அது.

திருத்திய விதியும் ஓரிடத்தில் மூச்சு வாங்கும். மேல் கண்மாயின் மறுகால் கீழ்க் கண்மாய்க்கு வரும் சங்கிலித் தொடரில், கடைசியில் இருக்கும் பெரிய கண்மாயில் கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கலாம். அடுத்தடுத்து இரண்டு நல்ல ஆண்டு வந்தால் நினைவு தாண்டிப்போகும். காய்ந்த கண்மாய்கள் எல்லாம் ஒரே பூஜ்யமும் இல்லை. இரண்டு ஆண்டு சேர்ந்தாற்போல் வெடித்துக் கிடந்த தரை முதல் மழையில் குடிப்பது வேறு, சித்திரையில் மட்டும் காய்ந்த தரை குடிப்பது வேறு. எந்தக் கண்மாய் எந்த வகை என்று சொல்ல மடை திறந்துவிடும் நீர்பாய்ச்சியால் முடியும். அமைப்புக்குள் புள்ளியியலாளரை உட்காரவைத்தவர்கள் இவரையும் கூட உட்காரவைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து அமைப்புகள் பெரும்பாலும் ஒரே ஒரு வல்லுநரைத்தான் கற்பனை செய்தன.

பேசும் வல்லுநர் அமைப்புகள் 1990-களில் மங்கிப்போயின. விதிகள் ஆயிரத்தைத் தாண்டியதும் ஒன்றோடொன்று முட்டின. கேள்விக்கு மேல் கேள்வி கேட்டதில் பயனாளிகள் சலித்தார்கள். ஆனால் அவற்றின் சரக்கு காணாமல் போகவில்லை, மென்பொருளின் வயிற்றுக்குள் போய்விட்டது. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ராபின்சன், கேத்ரின் ஹோட், ரூத் டேவிஸ் ஆகியோர் சிமுல்8 நிறுவனத்தோடு சேர்ந்து, சிமுலேஷன் முடிவைத் தானாகவே ஆராயும் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். தொடக்கத்தை எங்கே வெட்டுவது என்பதற்கு மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட முறைகள் ஆய்வேடுகளில் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். சோதித்துத் தேர்ந்தெடுத்தது பிரெஸ்டன் ஒயிட்டும் அவர் சகாக்களும் கொடுத்த ஒன்றை. அளவுகளை ஐந்தைந்தாகச் சராசரி எடு. முன்னாலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போ. மீதியின் திட்டப் பிழை எந்த இடத்தில் மிகக் குறைகிறதோ அங்கே நில். வெல்ச் கண்ணால் பார்த்ததை நாலு வரி நிரல் செய்துவிடுகிறது. பயனாளிக்கு உள்ளே ஒரு வல்லுநர் இருந்ததே தெரியாது. பெல் ஆய்வகத்துக்காரர்கள் 1985-இல் கூட்டிய செயற்கை நுண்ணறிவு – புள்ளியியல் பட்டறையும் அதே போலத்தான் உருமாறியது. இன்று அது எந்திரக் கற்றல் ஆய்வாளர்கள் இடம் கிடைக்காதா என்று ஏங்கும் மாநாடு.

எந்த விதிக்கும் சிக்காத கோளாறுகளும் உண்டு. 1960-களில் ஐ.பி.எம். கணினிகளோடு வந்த ராண்டு என்ற தற்செயல் எண் நிரலை உலகம் முழுவதும் பயன்படுத்தினார்கள். அது தரும் எண்களை மூன்று மூன்றாக எடுத்து ஒரு கன சதுரத்துக்குள் புள்ளி வைத்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் எல்லாம் வெற்றிடம். இந்த வகை நிரல்கள் அனைத்துக்கும் இப்படி ஒரு நோய் உண்டு என்று ஜார்ஜ் மார்சாலியா 1968-இல் நிறுவினார். தாயக்கட்டையே கோணலாக இருக்கும்போது ஆட்டத்தின் சராசரியை எத்தனை தொகுதியாக வெட்டி என்ன பயன்? தொடக்கத்தையும் தொகுதியையும் பற்றிய விதிகள் கட்டையைச் சோதிப்பதில்லை.

கண்மாய்க் கணக்கில் இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. தரவைச் சுத்தப்படுத்தும் விதி. சராசரியிலிருந்து வெகுதூரம் விலகிய எண்ணை எழுத்துப்பிழை என்று ஒதுக்கச் சொல்லும் விதி ஏறக்குறைய எல்லா அமைப்பிலும் இருக்கிறது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் 2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 செ.மீ. அந்த வட்டாரத்துக்கு ஓராண்டில் கிடைப்பதைவிட அதிகம். பதிவேட்டில் அந்த எண்ணைப் பார்க்கும் விதி, 9.5-இல் புள்ளி விட்டுப்போயிற்று என்று முடிவு கட்டும். அதற்கு முந்தைய முப்பது ஆண்டு மழையை வைத்துப் பொருத்திய பரவலும், லட்சம் ஆண்டு ஓட்டினாலும் அப்படி ஒரு நாளைத் தராமல் போகலாம். பத்தாயிரம் ஓட்டம், அழகான தொகுதிகள், பொடிப் பிழை எல்லை எல்லாம் இருக்கும். அந்த நாள் மட்டும் இருக்காது.

இதற்கு நான் விதி எழுதினால் அது இப்படித்தான் இருக்கும்: விலகிய எண் எனில், அழிக்காதே, பக்கத்து மழைமானிகளைப் பார், அவையும் உயர்ந்திருந்தால் இரண்டு முறை ஓட்டு, அந்த நாள் இல்லாமல் ஒரு முறை, அந்த நாளோடு ஒரு முறை. இரண்டு எண்ணையும் சேர்த்தே காட்டு. எவ்வளவு நிலத்தில் நெல் நடலாம் என்று யோசிக்கிறவருக்கு முதல் எண் போதும். கலிங்கை எவ்வளவு அகலத்துக்குக் கட்டுவது என்று முடிவெடுக்கும் பொறியாளருக்கு இரண்டாவது வேண்டும்.